வண்டிப்பெரியார் வட்டாரத்து மெக்கானிக் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



வண்டிப்பெரியார்க் கடைத்தெருவிலும், குமுளிச் சாலையோரத்திலும், பீர்மேடு, ஏலப்பாறை, பசுமலை, மஞ்சுமலைப் பக்கங்களிலும் தகரக் கூரைக்கு அடியில் கார்களையும் ஜீப்புகளையும் மோட்டார் சைக்கிள்களையும் பழுது பார்த்துக் குடும்பம் நடத்துகிற உங்களிடம், நெடுநாளாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணத்தினாலேயே இம்மடலை எழுதுகிறேன். உங்கள் கைத்திறமையில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. உதிரிபாகம் கோட்டயத்திலிருந்தோ தேனியிலிருந்தோ வந்து சேர நாளாகும் என்றால், அதற்குள் ஏதேனும் ஒரு யுக்தி செய்து, ஆஸ்பத்திரிக்குப் போகக் காத்திருக்கும் எஸ்டேட் ஜீப்பை அன்று மாலைக்குள்ளேயே ஓட வைத்துவிடும் உங்கள் சாமர்த்தியத்தைப் பலமுறை கண்டு வியந்தவன் நான். ஆயினும், பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்று புகும் வழியை, அதாவது ஏர் ஃபில்டரில் தொடங்கி த்ராட்டில் பாடியைக் கடந்து இன்டேக் வால்வில் முடிகின்ற அந்தச் சில அடி நீளப் பாதையை, நம் வட்டாரத்தில் நாம் நடத்துகிற முறை சரியில்லை என்று உறுதியாக நம்புகிறேன். குற்றமற்ற எஞ்சின்கள் இங்கே குற்றவாளிகளாகத் தீர்ப்புப் பெறுகின்றன. அந்தத் தீர்ப்பின் பேரில் அவற்றுக்குச் செய்யப்படும் சிகிச்சையே பிற்பாடு மெய்யான நோயாகிவிடுகிறது.

நடப்பது இன்னதென்று உங்களுக்கே தெரியும். கம்பத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ மலையேறி வந்த ஒருவர், "வண்டி இழுக்கவில்லை, பிக்கப் போய்விட்டது" என்று சொல்லி நிறுத்துகிறார். உடனே ஏர் ஃபில்டர் கழற்றப்படுகிறது. சில சமயம் அது திரும்ப மாட்டப்படுவதே இல்லை. த்ராட்டில் பாடியைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். ஐடிலிங் கூடினால் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருப்புகிறார்கள். குறைந்தால் மறுபக்கம் திருப்புகிறார்கள். ஸ்கேனரில் அழுத்தத்தின் எண் புத்தகத்தில் இருப்பதைவிடக் குறைந்து காட்டினால், நல்ல சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆயிரக்கணக்கில் விலையுள்ள புதிய சென்சாரை மாட்டுகிறார்கள். புதியதும் அதே எண்ணைக் காட்டும்போது ஒயரிங்கின்மேல் பழி விழுகிறது. வண்டிக்காரர் பணத்தைக் கொடுத்துவிட்டு மலையிறங்கிப் போகிறார்; கூடலூரைத் தாண்டியதும் வண்டி தானாக நன்றாக இழுக்கிறது; உங்கள் கைராசியை மெச்சிக்கொள்கிறார். அந்த மெச்சுதலுக்கு நாம் உரியவர்கள் அல்ல என்பதையே இந்த மடலில் உங்களுக்கு நிரூபிக்க விரும்புகிறேன்.

நாம் வாழும் இடத்தை முதலில் எண்ணிப் பாருங்கள். கொச்சியிலோ தூத்துக்குடியிலோ, கடற்கரையில், காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். வண்டிப்பெரியார் கடல் மட்டத்துக்கு மேல் 800 மீட்டரைத் தாண்டிய உயரத்தில் அமைந்திருப்பதால், இங்கே அது 92 கிலோபாஸ்கலை ஒட்டியே நிற்கிறது. குட்டிக்கானத்து மேட்டில் இன்னும் சற்றுக் குறைவு. லோயர் கேம்ப்புக்கு இறங்கினால் 96-ஐ நெருங்கிவிடும். நம் ஊரின் குளிர்ச்சி காற்றைச் சற்றே அடர்த்தியாக்கி இக்குறையில் ஒரு சிறு பங்கை ஈடு செய்கிறது என்பது உண்மைதான். எனினும், டர்போ இல்லாத எந்த எஞ்சினும் இம்மலைமேல் தன் முழு வலிமையைக் காட்ட இயலாது என்பதும், கடற்கரையில் நூறு குதிரைத் திறன் கொடுப்பது இங்கே தொண்ணூற்றுச் சொச்சமே கொடுக்கும் என்பதும் இயற்கையின் நியதி. அந்த வித்தியாசத்தை எந்த ஸ்பேனராலும் திருத்த முடியாது. திருத்த வேண்டிய பழுது அங்கே இல்லை.

இனி, பெட்ரோல் எஞ்சினுக்குக் காற்று ஏன் இத்தனை முக்கியம் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஒரு கிராம் பெட்ரோல் பூரணமாக எரிவதற்கு 14.7 கிராம் காற்று வேண்டும். இதை லிட்டர்க் கணக்காக மாற்றினால், ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க, நம் மலைக்காற்றில் கிட்டத்தட்ட 10,000 லிட்டர் தேவைப்படுகிறது. நாம் டாங்கியில் ஊற்றுவதைக் கணக்குப் பார்த்து ஊற்றுகிறோம். அதைவிடப் பதினாயிரம் மடங்கு கன அளவில் உள்ளே போகிற பொருளை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. பெட்ரோலும் காற்றும் அந்த விகிதத்தை விட்டு அதிகம் விலகாமல் இருக்க வேண்டுமாதலால், எஞ்சினின் வலிமையைக் குறைக்க வேண்டும்போது எரிபொருளை மட்டும் குறைத்தால் போதாது. காற்றையும் உடன் குறைத்தாக வேண்டும். த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் பட்டர்ஃப்ளையின் வேலை அதுதான். நம் கால் ஆக்சிலேட்டரில் பெட்ரோலை மிதிப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்; உண்மையில் அது திறந்து மூடுவது காற்றின் கதவையே. காற்று எவ்வளவு வந்ததென்று சென்சார்கள் அறிந்து சொல்ல, அதற்கேற்ற பெட்ரோலை இன்ஜெக்டர் பின்னாலிருந்து அளந்து கொடுக்கிறது.

கதவை மூடிக் காற்றைக் குறைப்பதற்கு ஒரு விலை உண்டு. ஐடிலிங்கில் பட்டர்ஃப்ளை ஏறக்குறைய மூடியிருக்க, பிஸ்டன் கீழே இறங்கி இழுக்கும்போது, மனிஃபோல்டுக்குள் அழுத்தம் 30 முதல் 40 கிலோபாஸ்கல் வரைக்கும் தாழ்ந்துவிடுகிறது. வெளியே இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தை ஈரத்துணியால் இறுகக் கட்டிக்கொண்டு தேயிலை மூட்டையுடன் மேடேறுகிறவன் சுமைக்குச் செலவிடும் பலத்தோடு மூச்சை இழுப்பதற்கும் பலத்தைச் செலவிடுவதுபோல, எஞ்சினும் தன் வலிமையில் ஒரு பகுதியை அந்த வெற்றிடத்தை எதிர்த்து இழுப்பதிலேயே இழக்கிறது. சுமை குறையக் குறைய இந்த நஷ்டத்தின் விகிதம் கூடுகிறது என்பது இதன் விசேஷம். இதிலிருந்து, நம்மில் பலர் எதிர்பாராத ஒரு முடிவும் கிடைக்கிறது. மெலிந்த காற்றுள்ள இடத்தில் அதே வேகத்தில் போக, பட்டர்ஃப்ளை சற்று அதிகமாகத் திறந்திருக்க வேண்டியிருப்பதால், இழுப்பதில் ஏற்படும் நஷ்டம் இங்கே குறைகிறது. ஆகையால் மலைமேல் வண்டியின் இழுவை குறைந்தாலும், சமதளத்தில் மிதமாக ஓட்டும்போது மைலேஜ் குறைய வேண்டிய அவசியமில்லை, சிறிது கூடுவதற்கே நியாயம் இருக்கிறது. மைலேஜும் இழுவையும் ஒருங்கே குறைந்திருந்தால் பழுதைத் தேடுங்கள். இழுவை மட்டும் குறைந்திருந்தால், பழுதென்று தீர்மானிப்பதற்கு முன் நாம் நிற்கும் உயரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சிரத்தையுடன் படிக்கும்படி வேண்டுகிறேன். நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது வேக்குவம் கேஜ் 18 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை காட்ட வேண்டும் என்று பழைய புத்தகங்கள் யாவும் சொல்லும். அவை கடல் மட்டத்தை மனத்தில் கொண்டு சொல்பவை. ஆயிரம் அடி ஏறினால் ஓர் அங்குலம் கழிக்க வேண்டும் என்ற விதியைப் பல புத்தகங்கள் அடிக்குறிப்பாகச் சேர்த்திருக்கும். அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்? நம் ஊர் ஏறக்குறைய 2,700 அடி. கழித்துப் பார்த்தால் 15 முதல் 18 வரை. அதாவது, மதுரையில் 18 காட்டி "நல்ல எஞ்சின்" என்று பெயரெடுத்தது, வண்டிப்பெரியாரில் 16-ஐ ஒட்டிக் காட்டி, "ரிங் தேய்ந்துவிட்டது, வால்வு கசிகிறது" என்று தீர்ப்பு வாங்கிவிடக்கூடும். அந்தத் தீர்ப்பின் பேரில் ஹெட்டைக் கழற்றினால் உரிமையாளருக்கு எத்தனை மாதச் சம்பளம் போகும் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

ஸ்கேனர் காட்டும் எண் இதற்கு வேறு ரகம். வேக்குவம் கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கும் மனிஃபோல்டுக்கும் இடையேயுள்ள வித்தியாசத்தை. மனிஃபோல்டு அழுத்தச் சென்சார் காட்டுவதோ உள்ளே இருக்கும் முழு அழுத்தத்தை. ஐடிலிங்கில் ஓடுவதற்கு எஞ்சினுக்கு வேண்டிய காற்றின் எடை கடற்கரையிலும் மலையிலும் கிட்டத்தட்ட ஒன்றேயாதலால், ஸ்கேனரில் ஐடிலிங் எண் பெரிதாக மாறாது. பட்டர்ஃப்ளையோ பைபாஸ் வழியோ சற்றே கூடுதலாகத் திறந்து அதைச் சரி செய்துகொள்ளும். ஆனால் எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் போட்டுப் பார்த்தால், அதே சென்சார் வெளிக்காற்றைச் சொல்ல வேண்டியதாகிறது. கடற்கரையில் 101 காட்டியது இங்கே 92 காட்டும். 92 என்பது அந்தச் சென்சார் உண்மை பேசுகிறது என்பதற்கே அத்தாட்சி! நம் ஊரில் அது 101 காட்டினால் அல்லவா சந்தேகப்பட வேண்டும்? உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக எத்தனை சென்சார்கள் குப்பைக்குப் போயிருக்கின்றன என்று நினைக்கும்போது எனக்கு மனவேதனையாகவே இருக்கிறது.

த்ராட்டில் பாடியைக் கடந்தால் வால்வு. பட்டர்ஃப்ளை எவ்வளவு அகலமாகத் திறந்திருந்தாலும், கடைசியில் காற்று புகவேண்டிய இடைவெளி வால்வின் தலைக்கும் அதன் சீட்டுக்கும் நடுவே உள்ளதுதான். எஞ்சின் நிமிஷத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது, இன்டேக் வால்வு திறந்திருக்கும் அவகாசம் ஒரு விநாடியில் நூற்றைம்பதில் ஒரு பங்கு அளவே. அத்தனை குறுகிய நேரத்தில் சிலிண்டர் நிறைய வேண்டுமானால் வால்வு உயரமாகவும் நீண்ட நேரமும் திறக்க வேண்டும். வால்வைத் திறக்கும் அதே கேம் 1,500 சுற்றில் ஓடும்போதோ, காற்று மந்தமாக நகர்கிறது. வால்வு தாமதித்து மூடுவதால், உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி பிஸ்டனால் திரும்ப மனிஃபோல்டுக்கே தள்ளப்படுகிறது. வேகமற்ற காற்றில் பெட்ரோல் துளிகளும் நன்றாகக் கலப்பதில்லை. ஒரே உருவத்தில் கடைந்த கேமைக் கொண்டு இரண்டு நிலைகளையும் திருப்தி செய்ய முடியாதென்பதால், பல்லாண்டுகளாக எஞ்சின் செய்வோர் நடுவழியான ஒரு சமரசத்தையே கையாண்டு வந்தார்கள்.

வால்வு எழும்பும் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் காற்றும் கூடிக்கொண்டே போகும் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். வால்வு எழும்பும்போது அதைச் சுற்றி உண்டாகும் இடைவெளியின் பரப்பு, வால்வின் சுற்றளவை அது எழும்பிய உயரத்தால் பெருக்கி வருவது. வால்வின் விட்டத்தில் கால் பங்கு உயரம் எழும்பியவுடன், இந்தப் பரப்பு வால்வுத் தலையின் பரப்புக்குச் சமமாகிவிடுகிறது; 28 மில்லிமீட்டர் வால்வுக்கு 7 மில்லிமீட்டர். அதற்குமேல் தூக்குவதால் கிடைக்கும் லாபம் சொற்பம். ஸ்பிரிங்குக்கும் கேமுக்கும் வரும் தேய்மானமோ சொற்பமல்ல. பெரிய த்ராட்டில் பாடி மாட்டித் தரச் சொல்லிக் கேட்கும் பையன்களுக்கும் இதே பதில்தான். குறைந்த சுற்றில் பட்டர்ஃப்ளை மூன்றில் ஒரு பங்கு திறந்தபோதே மனிஃபோல்டின் அழுத்தம் வெளிக்காற்றை எட்டிப் பிடித்துவிடுகிறது. அதற்கு அப்பால் கதவை அகலமாக்கினால் வால்வு ஏற்காத காற்று எங்கே போகும்? முண்டக்கயத்திலிருந்து குட்டிக்கானம் ஏறும் சாலையில் நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு திணறுகிறவருக்கு வேண்டியது அகலமான கதவு அல்ல, ஒரு கியர் கீழே இறக்கும் புத்திதான். சுற்று கூடினால் ஒவ்வொரு நிமிஷமும் உள்ளே போகும் காற்று கூடும்.

கேமில் செய்துவந்த அந்தச் சமரசத்தை முறித்தவர்களின் வேலையை நீங்கள் தினமும் கையில் எடுக்கிறீர்கள் என்பதால், அதன் நியாயத்தை அறிந்திருப்பது உங்களுக்குக் கடமையாகிறது. 1989-இல் ஜப்பானில் ஹோண்டா தன் இன்டெக்ரா காரில் வீடெக் முறையைக் கொண்டுவந்தது. குறைந்த சுற்றில் வால்வுகளைச் சிறிய கேம்கள் மிதமாகத் திறக்கும். சுற்று கூடியதும் எண்ணெயின் அழுத்தம் சிறு பின்களைத் தள்ளி ராக்கர்களை ஒன்றோடொன்று பூட்ட, நடுவிலுள்ள பெரிய கேம் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். 1.6 லிட்டர் எஞ்சின், டர்போ ஏதுமின்றி 160 குதிரைத் திறன் கொடுத்தது இவ்வாறுதான். நம் இளைஞர்கள் சத்திரம் பாதையிலும் குமுளிச் சாலையிலும் ஓட்டிப் பார்க்கிற யமஹா ஆர்15, 2018-இல் நம் நாட்டில் வெளிவந்த அதன் மூன்றாம் உருவத்திலிருந்து, 155 சிசி எஞ்சினில் இதன் சகோதர முறை ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கிறது. 7,400 சுற்றில் ஒரு சோலினாய்டு பின்னைத் தள்ள, உயரமான கேம் வேலைக்கு வருகிறது. அந்தச் சுற்றில் அச்சிறு சிலிண்டர் நிமிஷத்துக்கு 570 லிட்டருக்கு மேல் காற்றை விழுங்கும் அமைப்புடையது. அதற்குக் கீழே ஓட்டுகிறவர் பெரிய கேமின் பலனை எதிர்பார்ப்பது தகாது. மலைக்காற்றில் மேல்சுற்றை எட்டச் சற்று நேரமும் பிடிக்கும். "அந்த வால்வு வேலை செய்யவில்லை" என்று சொல்லிக்கொண்டு வருகிற பையனிடம், எத்தனை சுற்றில், எந்த கியரில், எந்த மேட்டில் என்று கேளுங்கள். பெரும்பாலான வியாதிகள் அந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

இவ்விடத்தில் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய் அழுத்தத்தால் பூட்டப்படும் முறைகளில், அந்த எண்ணெய் செல்லும் வழிகள் ஊசித்துவாரம் போன்றவை. சோலினாய்டின் வாயில் மெல்லிய வலையும் இருக்கும். மெல்லிய எண்ணெயைக் கேட்கிற எஞ்சினுக்கு, கடையில் இருக்கிறதென்ற ஒரே காரணத்துக்காக 20டபிள்யூ-40 ஊற்றுவதும், மாற்ற வேண்டிய கெடுவைத் தாண்டி ஓடவிடுவதும், வால்வின் உயரத்தை மாற்றும் பின்னைக் கட்டிப்போடுவதற்கு ஒப்பானது. வண்டியின் புத்தகத்தில் எழுதியிருக்கும் எண்ணெயை மட்டுமே ஊற்றுங்கள். கையில் இல்லையென்றால் இல்லையென்று சொல்லுங்கள். அவ்வாறு சொல்வதால் உங்கள் கௌரவம் குறைந்துவிடாது.

தேக்கடிக்கு வரும் விருந்தாளிகளின் பெரிய கார்கள் சில, வால்வையே த்ராட்டிலாக உபயோகிக்கின்றன. 2001-இல் பிஎம்டபிள்யூ 316டிஐ காரில் வால்வ்ட்ரானிக் என்ற பெயரில் முதலில் வந்த முறை அது. ஒரு மின்மோட்டார் மையம் விலகிய தண்டு ஒன்றைச் சுழற்றி, இன்டேக் வால்வின் எழும்பலை ஏறக்குறைய கால் மில்லிமீட்டரிலிருந்து பத்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு வரை வேண்டியபடி மாற்றுகிறது. பட்டர்ஃப்ளை பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது. மனிஃபோல்டில் வெற்றிடம் மிகச் சொற்பம். காற்று வால்வின் மெல்லிய இடுக்கில் மிக வேகமாகப் பாய்ந்து பெட்ரோலைப் பொடியாகச் சிதறச் செய்கிறது. வேண்டிய காற்று வந்தவுடன் வால்வு முன்கூட்டியே மூடிக்கொள்ள, உள்ளே அகப்பட்ட காற்று பிஸ்டன் இறங்கும்போது விரிந்து, ஏறும்போது வாங்கிய பலத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. மூச்சிழுப்பதில் வீணான பலம் இவ்வகையில் பெருமளவு மிச்சமாகிறது. த்ராட்டில் பாடி இதிலும் உண்டு. மோட்டார் பழுதானால் வண்டியை வீடு சேர்க்கவும், கிராங்க்கேஸ் ஆவியையும் டாங்கி ஆவியையும் இழுப்பதற்குச் சிறிது வெற்றிடம் தரவும் அது காத்திருக்கிறது. ஆகவே இத்தகைய எஞ்சினில் வேக்குவம் கேஜைச் சொருகிவிட்டு "வெற்றிடமே இல்லை" என்று திகைக்க வேண்டாம்.

இந்த முறையிலிருந்து எல்லா எஞ்சினுக்கும் பொருந்தும் ஒரு பாடம் கிடைக்கிறது. டேப்பெட் இடைவெளி பத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால், 8 மில்லிமீட்டர் எழும்பும் வால்வுக்கு அது நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான பிழை. கால் மில்லிமீட்டர் எழும்பும் நிலையில் அதே தவறு ஐந்தில் இரண்டு பங்காகிவிடும்; ஒரு சிலிண்டர் நிறைய, அடுத்தது பட்டினி கிடக்கும். ஆகையினாலேயே அங்கே அந்த இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் தானாகச் சரி செய்யும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். சாதாரண எஞ்சினிலும், டேப்பெட் இடைவெளி மாறினால் வால்வு திறக்கும் நேரமும் மூடும் நேரமும் மாறுகின்றன. ஐடிலிங் அதிர்வுக்கு அதுவும் ஒரு காரணம். அப்படியிருக்க, ஃபீலர் கேஜைக் கையில் எடுக்காமல், காதால் கேட்டே டேப்பெட் வைப்பதைப் பெருமையாகப் பேசுவது நமக்கு ஏற்றதல்ல. காது நல்ல சேவகன். ஆனால் பத்தில் ஒரு மில்லிமீட்டரை அது அறியாது.

த்ராட்டில் பாடியின் ஓரத்தில் கறுப்பாகப் படிவது, கிராங்க்கேஸ் ஆவியோடு வரும் எண்ணெயும் கரியும். அதைத் துடைக்க வேண்டியதுதான். ஆனால் உப்புத்தாளால் அல்ல. சில பட்டர்ஃப்ளைகளின் விளிம்பில் கசிவைத் தடுக்கும் மெல்லிய கரும்பூச்சு கம்பெனியிலேயே பூசப்பட்டிருக்கும். அழுக்கென்று நினைத்து அதைச் சுரண்டிவிட்டால் கதவு பிறகு ஒருபோதும் சரியாக மூடாது. உரிய கிளீனரை மெல்லிய துணியில் நனைத்து, சாவியை அணைத்துவிட்டுத் துடையுங்கள். மின்மோட்டாரால் இயங்கும் த்ராட்டிலை விரலால் பலவந்தமாகத் தள்ளாதீர்கள். உள்ளே இருப்பவை பிளாஸ்டிக் பற்சக்கரங்கள். துடைத்த பின் ஐடிலிங் சில நேரம் கூடுதலாக நிற்கும். அழுக்கோடு ஓடிய நாட்களில் கம்ப்யூட்டர் பழகிக்கொண்ட கணக்கு மாறுவதற்கு அவகாசமோ, ஸ்கேனர் மூலம் புதிதாகப் பழக்குவதோ தேவை. அந்தப் பொறுமை இல்லாமல்தான் பெயிண்ட் பூசி முத்திரையிட்ட ஸ்டாப் ஸ்க்ரூவின்மேல் கை போகிறது. கார்பரேட்டர் காலத்தில் ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருப்புவது நம் உரிமையாக இருந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின் சிறு மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவையும் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. இந்த ஸ்டாப் ஸ்க்ரூவோ, மூடிய நிலை எதுவென்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் அடையாளக்கல். அதை நகர்த்தினால், கால் மிதிக்காதபோதும் மிதித்திருப்பதாக எஞ்சின் நினைத்துக்கொள்ளும்.

அதன் விளைவு மலைப்பாதையில் தெரியும். குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்கும்போது, கியரில் வைத்துக் காலை எடுத்தால், கதவு மூடியதை அறிந்த கம்ப்யூட்டர் பெட்ரோலை முற்றிலும் நிறுத்திவிடுகிறது. மூடிய பட்டர்ஃப்ளைக்கு எதிராக இழுக்கும் பிஸ்டன்கள் வண்டியைத் தடுத்துப் பிடிக்கின்றன. அந்த வெற்றிடமே பிரேக் பூஸ்டருக்கும் பலம் கொடுக்கிறது. மெலிந்த காற்றில் பூஸ்டருக்குக் கிடைக்கும் பலம் ஏற்கெனவே சற்றுக் குறைவு. நியூட்ரலில் இறங்கினால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் செலவாவதோடு தடுப்பும் போகிறது. எஞ்சினையே அணைத்துவிட்டால், சில தடவை மிதித்தவுடன் பூஸ்டர் காலியாகி, பெடல் கல்லாகிவிடும். மிச்சம் பிடிப்பதாக எண்ணி இப்படி இறங்கும் டிரைவர்களுக்கு எடுத்துச் சொல்ல உங்களைவிடத் தகுந்தவர்கள் இல்லை. ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் நெருங்கிவரும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் இதை ஒவ்வொரு வண்டிக்கும் சொல்ல வேண்டுமென்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இத்தனையும் உங்கள் அலட்சியத்தால் நேர்ந்ததென்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். நம் ஆசான்மார் கற்றது பெரும்பாலும் டீசல் ஜீப்பில். டீசல் எஞ்சினின் வலிமை எரிபொருளின் அளவால் கூடிக் குறைகிறது; காற்று தடையின்றி வந்தால் போதும் என்பதே அங்கே விதி; மேட்டில் கரும்புகை வந்தால் பம்ப்பைப் பார்ப்பார்கள். அந்த விதியைப் பெட்ரோல் எஞ்சினுக்கும் பொருத்தியதால் வந்ததே ஃபில்டரைக் கழற்றும் வழக்கம். கோடையில் எஸ்டேட் மண்பாதையின் புழுதி அந்தத் திறந்த வாய் வழியாக நேரே வால்வு சீட்டுக்கும் ரிங்குக்கும் போகிறதென்பதை அன்றைக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. லயத்து வீடுகளிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்தும் முடிக்காமலும் ஹெல்ப்பராக வந்து சேர்கிற பிள்ளைகளுக்கு, ஆங்கிலத்தில் உள்ள சர்வீஸ் புத்தகம் பூட்டிய பெட்டியாகவே இருக்கிறது. பெரிய கம்பெனிகள் நடத்தும் பயிற்சிகளோ நகரங்களோடு நின்றுவிடுகின்றன. வொர்க்‌ஷாப் உடைமையாளர்களிடம் ஒன்று சொல்வேன்: அந்தப் பிள்ளைகளின் கையில் ஸ்பேனரைக் கொடுக்கும் நாளிலேயே ஒரு கேஜையும் கொடுங்கள். அளக்கக் கற்றவன் சீக்கிரம் கழற்ற மாட்டான்.

என் விண்ணப்பம் இதுதான். நம் வட்டாரத்துக்கென்று ஒரு கணக்குப் புத்தகம் வேண்டும். கடல் மட்டத்து எண்களை வைத்துக்கொண்டு மலைமேல் தீர்ப்புச் சொல்லும் வழக்கத்தை விட்டு, நல்ல நிலையில் ஓடுகிற வண்டி ஒன்று சாதாரண சர்வீஸுக்கு வரும்போதெல்லாம், எஞ்சின் சூடேறிய பின்பு, நாலே நாலு எண்களை எழுதி வையுங்கள்: சாவியை மட்டும் போட்டபோது மனிஃபோல்டு அழுத்தம், ஐடிலிங்கில் அதே அழுத்தம், அப்போது த்ராட்டில் திறந்திருக்கும் சதவீதம், ஐடிலிங் சுற்று. வண்டியின் பெயரும், எண்ணெயின் வகையும், எந்த ஊரில் அளந்தது என்பதும் பக்கத்தில் இருக்கட்டும். உரிமையாளரின் பெயர் வேண்டாம். வண்டிப்பெரியாரில் ஒருவர், குமுளியில் ஒருவர், ஏலப்பாறையில் ஒருவர், லோயர் கேம்ப்பில் ஒருவர் எழுதினால், ஒரே எஞ்சின் நாலு உயரங்களில் என்ன காட்டுகிறது என்பது ஒரே மழைக்காலத்துக்குள் நம் கையில் இருக்கும். ஒருவர் தமிழில் எழுதினாலும் இன்னொருவர் மலையாளத்தில் எழுதினாலும் எண்கள் ஒன்றே. ஸ்கேனர் இல்லாதவர்கள் இருப்பவரிடம் வண்டியைக் கொண்டுபோய்ப் பார்த்து வரட்டும். இருப்பவர்கள் அதற்குக் கூலி கேட்காதிருக்க வேண்டும். அந்தப் புத்தகம் நிரம்பத் தொடங்கும்வரை, ஒரு நல்ல வண்டியின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்தச் சென்சாரையும் மாற்றுவதில்லை, எந்த ஸ்டாப் ஸ்க்ரூவையும் தொடுவதில்லை, எந்த ஃபில்டரையும் கழற்றி வைப்பதில்லை என்று உங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். கடைகள் அடைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எவருடைய வொர்க்‌ஷாப்பில் இடம் வசதியோ அங்கே கூடி முதல் பக்கத்தை எழுதத் தொடங்குங்கள். ஹெல்ப்பர் பிள்ளைகளையும் உடன் அழைத்து வாருங்கள், அளப்பது அவர்கள் கையாகவே இருக்கட்டும்.

உங்கள் நலத்தை என்றும் விரும்பும்,
மலைநாட்டு நண்பன்